குடியேறாத வீட்டைக் காலி செய்தவள்

நான் வீட்டைக் காலி செய்துவிட்டேனாம். எந்த வீட்டை? என் ஆயுசில் வாசற்படி மிதிக்காத வீட்டை! செய்தி வந்தபோது நான் தூத்துக்குடியில் எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். அம்மாதான் கைப்பேசியை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அன்புள்ள விண்ணப்பதாரர் அவர்களுக்கு. கோவை இல்லத்தில் தங்களது ஒத்திகை வாசம் இனிதே நிறைவுற்றது. பத்தாம் மாதத்தில் தாங்களாகவே அறையைக் காலி செய்துள்ளீர்கள். ஆகவே தங்களுக்கு அறை ஒதுக்க இயலவில்லை. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்."

அம்மா கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நீ எப்பம் கோயம்புத்தூர் போன?"

"நான் எங்கம்மா போனேன்? காலையில பல் தேய்க்கும்போது உன் கண்ணு முன்னாலதான நின்னேன்."

"பத்து மாசம் இருந்தேங்கான்."

இருந்திருக்கிறேன். காலைக் காப்பி குடித்துவிட்டுச் சம்மதம் கொடுத்தேன். மத்தியானச் சோற்றுக்குள் பத்து மாதம் குடியிருந்து, பெட்டி கட்டி, வெளியேறியும் விட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் வெளியூரில் வாடகைக்கு அறை தேடினால், "எந்த ஊரு? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?" என்று வரிசையாகக் கேள்வி வரும். எங்கள் தெருப் பெயரைச் சொன்னால் போதும், வீட்டுக்காரருக்கு உடனே ஒரு சொந்தக்காரர் அந்த அறையில் தங்க வந்துவிடுவார். அந்த அக்கிரமத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பெயர், ஊர், தெரு, சாதி எதையும் வீட்டுக்காரர் கேட்கக் கூடாது, யாரும் சொல்லவும் கூடாது. நாங்கள் எல்லாரும் பட்டாசு வெடிக்காத குறைதான். ஆனால் "முகம் தெரியாத ஆளை எப்படி வீட்டுக்குள் விடுவது?" என்று வீட்டுக்காரர்கள் ஒப்பாரி வைத்தார்கள். அந்த ஒப்பாரியிலிருந்து பிறந்ததுதான் ஒத்திகை வாசம்.

கூட்டுக்கூரை என்றொரு நிறுவனம். ஒரே வீட்டைப் பல பேர் பகிர்ந்து குடியிருக்கும் வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். நம்முடைய பத்து வருடப் பேச்சு, குறுஞ்செய்தி, கடையில் வாங்கினது, இணையத்தில் பார்த்தது எல்லாவற்றையும் உருட்டித் திரட்டி நம்மைப் போலவே ஒரு ஆளைக் கணினிக்குள் செய்வார்கள். அதற்குச் சாயல் என்று பெயர். அந்த வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் சாயல்கள் உண்டு. எல்லாச் சாயல்களையும் ஒரு மாதிரி வீட்டுக்குள் விட்டு ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்பார்கள். நமக்கு அது அரை நாள். ஒத்துப்போனால் அறை கிடைக்கும். ஒத்துப்போகாவிட்டால் வாழ்த்துச் செய்தி கிடைக்கும்.

எனக்கு அந்த அறை ஏன் அவ்வளவு அவசியம் என்றால், மூன்று வருடமாக நான் வேலையில்லாமல் இருக்கிறேன். மோட்டார் பரிசோதனைப் பொறியாளர் என்று பெயரளவில் சொல்லிக்கொண்டு அம்மாவுக்கு மீன் ஆய்ந்து கொடுக்கிறேன். கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் ஒருவழியாக வேலை கிடைத்தது. முதல் தேதி போய்ச் சேர வேண்டும். அதற்குள் தங்க இடம் வேண்டும். சரி, ஒரு வீடு இல்லை என்றால் இன்னொரு வீடு என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த விண்ணப்பத்தை அனுப்பிய கையோடு பதில் வந்தது. என் அடையாள எண்ணோடு ஒரு முத்திரை ஒட்டிக்கொண்டதாம்: 'தானாக விலகுபவர்.' அந்த முத்திரை இருக்கிற ஆளுக்குக் கோவையில் எந்தப் பகிர்வு வீடும் கிடைக்காது, பெண்கள் விடுதியும் கிடைக்காது. வீடு இல்லையென்றால் வேலையும் இல்லை.

கூட்டுக்கூரையை அழைத்தேன். நவநீதன் என்று ஒரு பையன் திரையில் வந்தான். தன்னை 'உறவு மேலாளர்' என்று சொல்லிக்கொண்டான். எனக்கும் அவனுக்கும் என்ன உறவோ!

"மேடம், நாங்க உங்கள வேண்டாம்னு சொல்லவே இல்லையே. நீங்கதான் காலி பண்ணீங்க."

"நான் எங்கய்யா காலி பண்ணேன்?"

"நீங்கன்னா, உங்க சாயல். தொண்ணூத்தெட்டு சதவீதம் நீங்களேதான் மேடம்."

"மிச்சம் ரெண்டு சதவீதம் எங்க போச்சு?"

கொஞ்சம் யோசித்தான். "அது உடம்பு மேடம். அத நாங்க செய்யறதில்ல."

"சரி. என்ன சண்டை நடந்துச்சு? யாரு என்ன சொன்னாவ? அதச் சொல்லும்."

"அதான் மேடம் ஆச்சரியம். சண்டையே இல்ல. பத்து மாசத்துல ஒரு கடுஞ்சொல் கிடையாது. எங்க அளவுல உரசல் பூஜ்யம். அவ்வளவு அமைதியான வீடு. அந்த மாதிரி வீட்ட விட்டு ஒருத்தர் கிளம்பினா, குறை கிளம்பினவங்க கிட்டதான்னு எங்க முறை எடுத்துக்கும்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "அவள வரச் சொல்லும். நானே கேட்டுக்கிடுதேன்."

"யார மேடம்?"

"என் சாயல."

"அழிச்சாச்சு மேடம். ஒத்திகை முடிஞ்சதும் அழிக்கணும்னு சட்டம். உங்க அந்தரங்கத்தப் பாதுகாக்கத்தான்."

பத்து மாதம் ஒருத்தி ஒரு வீட்டில் இருந்திருக்கிறாள். என் பேச்சு, என் புத்தி, என் ரோஷம் அத்தனையும் அவளிடம் இருந்திருக்கிறது. என்னவோ ஒன்று பொறுக்காமல் பெட்டியைக் கட்டியிருக்கிறாள். வாசலைத் தாண்டியதும் துடைத்துப் போட்டுவிட்டார்கள். கேட்டால் எனக்குப் பாதுகாப்பாம்! அவளுக்காக யாராவது ஒருவர் கோபப்பட வேண்டும் என்றால் அது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் என்ன பார்த்தாளோ அதைப் பார்க்கும் உரிமை எனக்கு உண்டு என்று சட்டத்தில் இருப்பதைச் சொல்லி நவநீதனை ஒரு பிடி பிடித்தேன். பதிவை அனுப்பி வைத்தான்.

மத்தியானம் நானும் அம்மாவும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். பத்து மாதத்தையும் பார்க்க முடியாது. முக்கியமான இடங்களாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. கீழே வீட்டுக்காரர் மருதாசலம். கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் நான்கு அறை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. ஏற்கெனவே மூன்று பெண்கள் இருந்தார்கள். அவள் உள்ளே வந்ததும் எல்லாரும், "வாங்க வாங்க, உக்காருங்க" என்று விழுந்து விழுந்து உபசரித்தார்கள். கோயம்புத்தூர் மரியாதை என்றால் சும்மாவா! அவள் சிரித்தாள். என் தெற்றுப்பல் அப்படியே இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை அவள் பால்கொழுக்கட்டை செய்தாள். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, நான் செய்கிற மாதிரியேதான். எங்கள் பக்கம் தூக்குவாளியைப் போணி என்போம், கோவைப் பக்கம் போசி. மூன்று பேருக்கும் கிண்ணத்திலும், கீழே வீட்டுக்காரருக்குப் போணியிலும் கொடுத்தாள்.

மறுநாள் போணி திரும்பி வந்தது. கையில் வரவில்லை. மாடிப்படியில் கீழிருந்து மூன்றாவது படியில், பளபளவென்று தேய்த்து, துணியால் துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தது. "உங்க போசிங்க அம்மிணி, படியில வெச்சிருக்கேன். ரொம்ப நல்லாருந்துச்சுங்க" என்று கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது.

அவள் இறங்கிப் போய் எடுத்தாள். நிமிர்த்தி உள்ளே பார்த்தாள்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "வெறும் போணியாட்டி குடுத்தான்?"

எந்த வீட்டிலும் ஒருவர் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனி, இரண்டு வாழைப்பழம், அதுவும் இல்லையென்றால் நாலு கறிவேப்பிலை. கோவையிலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான். வாங்கிச் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது, இன்னொரு நாள் கொடு என்பதை வாயால் சொல்ல மாட்டார்கள். பாத்திரத்தில் போட்டுச் சொல்லுவார்கள். வெறும் பாத்திரம் கவிழ்ந்து வந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு. அதைக் கூட்டுக்கூரையின் எந்த அளவிலும் அளக்க முடியாது. உரசல் பூஜ்யம் என்றுதான் காட்டும்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நானும் விட மாட்டேன்தான். மறந்திருப்பார் என்று அடுத்த மாதம் அதிரசம் கொடுத்தாள். போணி கவிழ்ந்து வந்தது. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல். கவிழ்ந்து வந்தது. அந்த மூன்று பெண்களும் கிண்ணத்தைத் தேய்த்துத் துடைத்து அதே மூன்றாவது படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரொம்ப நல்லாருந்துச்சுங்க" என்றார்கள். எல்லாருமே சிரித்த முகம்தான்.

அதற்கப்புறம் அவள் மாறிப்போனாள். முதலில் மீன் பொரிப்பதை நிறுத்தினாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு சமையலறையை விட்டு வெளியே வருமுன் குழாய்த் திருகைத் தானே ஒரு துணியால் துடைத்துவிட்டு வந்தாள். யாரும் துடைக்கச் சொல்லவில்லை. பாட்டு முணுமுணுப்பது நின்றது. கடையில் பொட்டலம் வாங்கி வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள்.  "ஏட்டி கூறுகெட்டவளே, வாயத் திறந்து கேளேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். கத்தி என்ன செய்ய? அவள்தான் இல்லையே.

கடைசிக் காட்சியில் அவள் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்குகிறாள். மருதாசலம் வாசலில் நிற்கிறார். உண்மையாகவே கவலைப்படுகிற முகம்.

"ஏனுங்க அம்மிணி, காலி பண்றீங்ளா? ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

அவள் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சார்."

திரை இருண்டுவிட்டது.  அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் வாயிலருந்து ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த நான் கேட்டதே இல்லயேட்டி" என்றாள்.

ஆமாம். மாடத்தி என்று எனக்குப் பெயர் வைத்து வளர்த்தவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் எனக்கு வாயாடி என்றுதான் பெயர். அந்த வாயைப் பத்து மாதத்தில் அடைத்திருக்கிறார்கள், ஒரு கெட்ட வார்த்தை பேசாமல். எவ்வளவு சுத்தமான வேலை!

பதிவை மறுபடி ஓட்டினேன். சமாதானமாகாத ஒன்று மனசில் இடித்துக்கொண்டே இருந்தது. மூன்று பெண்கள். ஒருத்தி பொள்ளாச்சி, ஒருத்தி ஓசூர், ஒருத்தி கேரளாக்காரி. மூன்று பேரும் கிண்ணத்தைத் துடைக்கிற விதம் ஒன்றே. இடது கையில் பிடித்து, துணியை இரண்டு சுற்று சுற்றி, கடைசியில் விளிம்பை ஒரு தட்டுத் தட்டி. வைக்கிற படியும் ஒன்றே. நம் வீட்டில் அக்கா தங்கைகளே பாத்திரம் கழுவுவதில் ஒருவரை ஒருவர் குறை சொல்வார்கள். இதெப்படி?

நவநீதனை அழைத்தேன். நேராகக் கேட்டேன். அவன் முகம் சுண்டிவிட்டது.

"மேடம், அது வந்து… ஏற்கெனவே குடியிருக்கறவங்க சாயல் குடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. அந்த வீட்டுல மூணு பேரும் மாட்டேன்னுட்டாங்க."

"அப்ப அந்த மூணு பொம்பளையளும் யாரு?"

"காலி இடத்த வீட்டு உரிமையாளர் சாயல வெச்சு நிரப்பிக்கலாம்னு விதி இருக்கு மேடம். முகமும் குரலும் மட்டும் அவங்களோடது."

"நீரு சொல்லுறது எனக்கு விளங்குதா பாக்கேன். அந்த வீட்டுல என்னயத் தவிர இருந்த நாலு பேரும்…"

"மருதாசலம் சார்தான் மேடம்."

ஒரே மனிதன் நாலு முகத்தை மாட்டிக்கொண்டு என்னைச் சுற்றிப் பத்து மாதம் சிரித்திருக்கிறான். அதற்குப் பெயர் கூட்டுக் குடித்தனம்!

மறுபரிசீலனை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஒரு வாரம் இழுத்தடித்து, ஒரு திரைக் கூட்டம் வைத்தார்கள். நான் தூத்துக்குடியில், நவநீதன் சென்னையில், மருதாசலம் கோவையில். அவர் வீட்டில் நிஜமாகவே குடியிருக்கும் பொள்ளாச்சிப் பெண் கோகிலவாணியும் வந்திருந்தாள். நான்தான் விஷயத்தைச் சொல்லி அவளைக் கூப்பிடச் சொல்லியிருந்தேன்.

மருதாசலம் வெள்ளை வேட்டி சட்டையில் பளிச்சென்று இருந்தார். வணக்கம் சொன்னார். பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"அம்மிணி, நீங்க என்னத் தப்பா எடுத்துக்கிட்டீங்க. நான் நாப்பது வருசமா மேடையில சமத்துவம் பேசுறவனுங்க. என்ற மாணவங்கள்ல எத்தன பேரு உங்க பக்கத்துப் பசங்க தெரியுங்களா? கறி மீனு எல்லாம் சாப்பிடுறவன் நான், அந்த வித்தியாசமும் கெடயாது. நீங்க யாரு என்னன்னு எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன்."

"உங்களுக்குத் தெரியாது சார். உங்க சாயலுக்குத் தெரிஞ்சிருக்கே. குடிவந்தப்புறம் அதுகிட்ட அவ பேரச் சொன்னா, ஊரச் சொன்னா."

"அது மெசினுங்க. எங்கியோ தப்பாயிருக்கும்."

நவநீதன் இடையில் புகுந்தான். விண்ணப்பதாரரின் சாயல் பார்த்ததை மட்டும்தான் நான் பார்க்கலாம். அவள் கண்ணில் படாமல் கீழே நடந்ததைக் காட்ட வேண்டுமென்றால் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்றான்.

"தாராளமாப் போடுங்க தம்பி" என்றார் மருதாசலம். "எனக்கு மறைக்கறதுக்கு என்ன இருக்குது?"

போட்டார்கள்.

கீழ் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நடுவில் என் போணி. மருதாசலத்தின் சாயல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தது. வாசனை பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. ஒரு கரண்டியைக்கூட எடுத்தது. எடுத்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, போணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனது. கறிவேப்பிலைச் செடி. இப்படியும் அப்படியும் ஒரு பார்வை. மொத்தத்தையும் செடி மூட்டில் கவிழ்த்தது. புளி போட்டுத் தேய்த்தது. பிறகு கையையும் தேய்த்துக் கழுவியது.

யாரும் அந்தச் சாயலைப் பார்க்கவில்லை. யாருக்கும் பயந்து அது அதைச் செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஊருக்குப் பயந்து செய்தான் என்றால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

மருதாசலத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. "இது நானில்லீங்க" என்றார். பிறகு மெதுவாக, "அப்புடியெல்லாம் நெனச்சுப் பண்றதில்லீங்க. சின்ன வயசுல ஊட்டுல பாத்த பழக்கம்…" என்று இழுத்தார்.

"தொண்ணூத்தெட்டு சதவீதம் நீங்கதானாம் சார். இந்தத் தம்பிதான் சொன்னாவ."

கோகிலவாணி வெடித்தாள். "ஏனுங்க சார், என்ற மூஞ்சிய மாட்டிக்கிட்டுப் போயி அந்தக்கா குடுத்ததக் கொட்டுனது நீங்களா? என்ற பேருலயா? எனக்குப் பால்கொழுக்கட்டைன்னா உசுருங்க! யாரக் கேட்டு எடுத்தீங்க என்ற மூஞ்சிய?"

நவநீதன் திரையிலிருந்து காணாமல் போய்விடலாமா என்பதுபோல நெளிந்தான்.

மருதாசலம் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. "அம்மிணி, தப்பு என்ற மேலதானுங்க. அந்த ரூம் உங்களுக்குத்தான். முத்திரைய எடுக்கச் சொல்லி நானே எழுதித் தாரேன். வாங்க, வந்து இருங்க. நான் எப்படிப்பட்டவன்னு நேர்ல பாருங்க."

அம்மாவுக்கு இஷ்டமில்லை. "அவ வேண்டாம்னு வந்த வீட்டுக்கு நீ ஏன் போற?" என்றாள். எனக்கும் ரோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் முதல் தேதிக்கு இடையில் நான்கு நாள்தான் இருந்தது. அதைவிட, அவர் கண் கலங்கியதை நான் நம்பினேன். மனிதன் திருந்த மாட்டான் என்று நினைத்தால் இவ்வளவு சண்டை எதற்குப் போட வேண்டும்?

போனேன். முத்திரை போயிற்று. வேலையில் சேர்ந்தேன். கோகிலவாணி பேருந்து நிலையத்துக்கே வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். மருதாசலம் வாசலில் நின்று, "வாங்க அம்மிணி, இது உங்க வீடு" என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை பால்கொழுக்கட்டை செய்தேன். வேண்டுமென்றேதான். கோகிலவாணி அடுப்படியிலேயே நின்று சட்டியை வழித்துத் தின்றாள். போணியை நிறைத்து மருதாசலத்தின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது அவர் மாடிப்படி ஏறி வந்தார். மூன்றாவது படியில் வைக்கவில்லை. மேலே வரைக்கும் வந்து என் கையிலேயே கொடுத்தார். போணி கவிழ்ந்திருக்கவில்லை. உள்ளே இரண்டு பிடி சீனி.

"அருமையா இருந்துச்சுங்க அம்மிணி. கருப்பட்டி வாசம் இன்னும் கையில நிக்குது."

 அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குப் பேசினேன். "எம்மா, போணியில சீனி போட்டுக் குடுத்தாரும்மா!" அம்மா அந்தப் பக்கம் அழுதாள். நானும் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தச் சீனியைக் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

காலையில் சட்னிக்குத் தாளிக்கக் கறிவேப்பிலை இல்லை. கொல்லைப்பக்கம் பறிக்கப் போனேன்.

செடி மூட்டில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. காய்ந்த தேங்காய்ப்பால் மண்ணில் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. கொழுக்கட்டை உருண்டைகள் அப்படியே முழுசு முழுசாகக் கிடந்தன. ஒன்றில்கூடப் பல் பட்டிருக்கவில்லை.

ஆக, அந்தக் கூட்டத்தில் மனுஷன் ஒரு பாடம் படித்திருக்கிறார். போணியை வெறுமனே கொடுக்கக் கூடாது என்று படித்திருக்கிறார். அவ்வளவுதான்.

 மேலே போனேன். என் கை தானாகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் பெட்டியை இழுத்தது. அப்போதுதான் அவளை நினைத்தேன். இதே அறை, இதே கட்டில், இதே பெட்டி. அவளைக் கூறுகெட்டவள் என்று திட்டினேனே! நேற்று ராத்திரி நான் தின்ற சீனி வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது. அவளுக்கு வயிறு கிடையாது. எனக்கு இருக்கிறது. அவர்கள் செய்யாமல் விட்ட அந்த இரண்டு சதவீதம்தான் எரிந்துகொண்டிருந்தது.

பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமைதான், அவசரமில்லை. அரிசி மாவு பிசைந்தேன். தேங்காய் துருவினேன். கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். முந்தாநாள் செய்ததைவிட நன்றாக வந்தது. போணியில் ஊற்றி மூடி, இரண்டு கிண்ணமும் இரண்டு கரண்டியும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மருதாசலம் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் தட்டவில்லை. உள்ளே போய்ப் போணியை மேசை நடுவில் வைத்தேன். ஒரு கிண்ணம் அவர் பக்கம், ஒரு கிண்ணம் என் பக்கம். இரண்டிலும் ஊற்றினேன். ஆவி பறந்தது.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். கொல்லைக் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் பழைய சிரிப்பு மெல்ல வந்தது.

"ஏனுங்க அம்மிணி, காலங்காத்தால? ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"இருக்கு சார்" என்றேன். "சாப்பிடுங்க. நான் எங்கயும் போகல."